பிரசவம் இலவசம், அதற்கு முந்தைய மாதங்கள்?

புதுச்சேரியில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு நூறு பிரசவங்களில் 99-க்கும் மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. நாடு முழுவதற்கும் அந்த அளவு 88.6 சதவீதம். 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை ஒருபுறம், எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை மறுபுறம். நகரவாசிகளுக்கு இரண்டும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துத் தாய்மாரும் இங்கேதான் வருகிறார்கள்.

2005-இல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம், மருத்துவமனையில் பிரசவிக்கும் ஏழைத் தாய்க்கு இங்கு நகரத்தில் 600 ரூபாயும் கிராமத்தில் 700 ரூபாயும் தந்தது. சிறிய தொகைதான். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டமே குடும்பங்களின் பெரிய சுமையை இறக்கியது. சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வந்துபோகும் வண்டி எதற்கும் அரசு மருத்துவமனையில் காசு வாங்கக்கூடாது என்று அது வகுத்தது. பிரசவச் செலவுக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களுக்கே அதன் அருமை தெரியும். நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 254-ஆக (2004–06) இருந்த தாய் இறப்பு, 2018–20-இல் 97-ஆகக் குறைந்தது. இதில் மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகியதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் தாயின் உடல்நலம் பிரசவ அறையில் தொடங்குவதில்லை. அதே தேசியக் குடும்பநல ஆய்வில், புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. இந்தியத் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணம் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. ஏற்கெனவே சோகை பிடித்த உடல் அந்த இழப்பைத் தாங்காது. இரும்புச்சத்து மாத்திரை 180 நாளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் குமட்டல், மலச்சிக்கல் என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதை உண்ணும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கேதான் ரேஷன் கொள்கையும் தாய்நலக் கொள்கை ஆகிறது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. நியாயவிலைக் கடைகள் வெறிச்சோடின. பணத்தில் முட்டையும் கீரையும் வாங்கலாம் என்பது உண்மை. கடன்காரனும் பள்ளிக் கட்டணமும் அதில் முந்திக்கொள்ளும் என்பதும் உண்மை. 2024-இல் கடைகள் மறுபடி திறந்தன. அரிசி பசியாற்றும், ரத்தம் ஊற பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும்.

பக்கத்துக் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அங்கே ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். எல்லைக்கு இப்பால் முத்தியால்பேட்டையில் பொதுவாகக் கிடைப்பது முதல் குழந்தைக்கு மத்திய அரசின் 5,000. ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவி தனி. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னதோ குறைந்தது 6,000 ரூபாய்.

தொகையைவிட முக்கியம் அது வரும் நேரம். பிள்ளை பிறந்தபின் வரும் தவணை, கர்ப்ப காலத்துச் சாப்பாட்டுக்கு உதவாது. புதுச்சேரி அரசு உதவியை உயர்த்த வேண்டும். அதன் பெரும்பகுதியை ஏழாம் மாதத்துக்கு முன்பே தாயின் கையில் சேர்க்க வேண்டும்.