மகள் எழுதியதை அம்மா படிக்க வேண்டாமா?



பினாங்கு ஜார்ஜ்டவுனில், கொம்தார் பக்கம் ஒரு கைத்தொலைபேசிக் கடை. அண்மையில் அங்கே நின்றிருந்தேன். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மையார், தம் கைத்தொலைபேசியைக் கடைக்காரத் தம்பியிடம் நீட்டினார்.

"தம்பி, எம் மக பாயான் லெப்பாஸ் பேக்டரியில வேலை செய்யிறா. தெனமும் ஏதாச்சும் எழுதி அனுப்புறா. எல்லாம் இங்கிலீசா இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் வந்து படிச்சுச் சொன்னாத்தான் எனக்கு வெளங்குது."

தம்பி வாங்கிப் பார்த்தார். "அக்கா, இது இங்கிலீசு இல்ல. தமிழ்தான். எழுத்து மட்டுந்தான் இங்கிலீசு."

அம்மையார் திகைத்துப் போனார். அவர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பவர். அப்படிப்பட்டவரை, கையடக்கமான ஒரு பெட்டி எழுத்தறியாதவராக்கி வைத்திருந்தது! பெற்ற மகளுக்குக் காய்ச்சல் என்பதைக்கூட அடுத்த வீட்டுப் பையன் வாயால்தான் அறிய வேண்டும். தாய்க்கும் மகளுக்கும் இடையில் உள்ள அந்தரங்கம் என்னாவது?

மகளைக் குறை சொல்வதற்கில்லை. "போன்ல தமிழ் வராதும்மா" என்று அவளுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அது பழைய கதை. அந்தக் கதையை மாற்றியவர்களுள் ஒருவர் நம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சிலாங்கூர் கேரித் தீவில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர் முத்து நெடுமாறன். தந்தையார் முரசு நெடுமாறன், ஆசிரியர், கவிஞர். பொறியியல் படித்த மகன், 1985-ஆம் ஆண்டில் கணினியில் தமிழ் எழுத ஒரு மென்பொருளை உருவாக்கினார். அதற்கு 'முரசு' என்று பெயர். 2005-ஆம் ஆண்டு பொங்கலின்போது, கைத்தொலைபேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப 'செல்லினம்' என்னும் செயலி சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அதுவும் அவர் ஆக்கமே. 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைமுகம் உடன் வந்தது. இன்று ஆண்ட்ராய்டு வகைக் கைத்தொலைபேசிகளிலும் தமிழ் உண்டு. தனிக் காசு கட்ட வேண்டியதில்லை.

செயலி என்றால் என்ன? கைத்தொலைபேசிக்குள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்காக எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு, அவ்வளவுதான். பெரட்டுக் களத்தில் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பதில்லையா? அதுபோல் படம் எடுக்க ஒன்று, பணம் அனுப்ப ஒன்று, எழுத ஒன்று.

முன்பு தமிழ் ஏன் வரவில்லை? கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். முன்னாளில் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துக்குத் தம் விருப்பப்படி எண் கொடுத்தார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் கோழி கிறுக்கியதுபோல் தெரிந்தது. பின்னர் யூனிகோடு என்னும் உலகப் பொது முறை வந்தது. அதில் 'க' என்றால் எங்கும் 2965 என்ற எண்தான். பினாங்கில் தட்டினாலும் சென்னையில் 'க' தான் தெரியும்.

சரி, 247 எழுத்துக்கு எத்தனை பொத்தான் வேண்டும்? பயப்படாதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த 'தமிழ் 99' முறையில், 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 எழுத்து இருந்தால் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி'. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுத் தட்டினால் 'அம்மா'. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பள்ளியில் படித்த உயிர்மெய்ப் பாடந்தான் இது!

தட்டவும் வராதா? எழுதும் பலகையில் ஒலிவாங்கிப் படம் இருக்கும். அதை அமுக்கித் தமிழில் பேசினால், பேச்சை எழுத்தாக்கிக் காட்டும். இது அண்மைக்கால வசதி. மலாயில் வந்த கடிதத்தைக் கேமராவால் காட்டினால், கூகுள் மொழிபெயர்ப்புச் செயலி அதைத் தமிழில் தரும். ஆனால் ஒன்று: அது தப்பும் செய்யும். சம்பளம், வீடு, வழக்கு பற்றிய கடிதமானால், கையெழுத்துப் போடுமுன் விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

இன்னொரு காரியமும் உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் மொழியைத் தமிழாக மாற்றிக்கொண்டால், கைத்தொலைபேசி கேட்கும் கேள்விகளே தமிழில் வரும். இது வெறும் ஆசைக்காக அல்ல. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு செயலிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. அதைப் பதிவு செய்யும்போது, "உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?" என்று கைத்தொலைபேசி கேட்கும். ஆங்கிலத்தில் கேட்டால், புரியாமலே 'ஆமாம்' என்று அமுக்கி விடுகிறோம். வங்கி அனுப்பும் இரகசிய எண் திருடன் கைக்குப் போகிறது. தமிழில் கேட்டால், "கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்கு என் மெசேஜ்?" என்று நாம் திருப்பிக் கேட்போம் அல்லவா? செயலி வேண்டுமானால் கைத்தொலைபேசியோடு வரும் செயலிக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். உடனே வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள்.

கொம்தார் கடைக்கு வருவோம். அந்தத் தம்பி இரண்டே நிமிடத்தில் தமிழை வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அம்மையார் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். "இனி தமிழ் எழுத்துல எழுது." அவ்வளவுதான் செய்தி. பதில் வருமுன் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கையில் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே படியிறங்கிப் போனார்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது, அம்மா அப்பா பக்கத்தில் கால்மணி நேரம் உட்காருங்கள். அவர்கள் கைத்தொலைபேசியில் தமிழை வைத்துக் கொடுங்கள். வெயிலிலும் மழையிலும் பால்மரம் வெட்டி உங்களைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். நீங்கள் எழுதுவதை அவர்கள் பிறர் உதவியின்றிப் படிக்கட்டும்!