கொப்பியா, கணினியா?

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இக்காலத்தில் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. "பாடக் குறிப்புக்களை மடிக்கணினியில் எடுத்தால் என்ன?" என்பது பிள்ளையின் கேள்வி. "நாங்கள் கொப்பியில் எழுதித்தானே படித்தோம்!" என்பது தந்தையாரின் மறுமொழி. பெரும் பொருள் செலவிட்டுக் கருவி வாங்குமுன், குறிப்பெடுத்தல் எதற்காக என்பதை நாம் சற்றே சிந்தித்தல் நலம்.

குறிப்பினால் விளையும் பயன் இரண்டு. கேட்டதைப் பின்னர்ப் பார்ப்பதற்குச் சேமித்து வைத்தல் ஒன்று. கேட்கும்பொழுதே மனம் அதனை ஆராய்ந்து, கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளுதல் மற்றொன்று. முன்னையதிற் கணினி வல்லது என்பதில் ஐயமில்லை. பின்னையதிற்றான் வினா எழுகின்றது.

மியுலர், ஒப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2014ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கணினியிற் குறிப்பெடுத்த மாணவர் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிந்தனர். கையால் எழுதியோர் சுருக்கி எழுதினர். கருத்தை விளங்கி விடையளிக்கும் வினாக்களிற் கையால் எழுதியோரே சிறந்து நின்றனர். எனினும், வேறொரு குழுவினர் அதே சோதனையை மீண்டும் நடத்தி 2021இல் வெளியிட்டபொழுது, கணினியில் எழுதியோர் மிகுதியாகப் பதிந்தமை தெரிந்ததேயன்றி, விடையளிப்பதில் அவ்வேற்றுமை உறுதிப்படவில்லை. ஆகவே, பேனையில் மந்திரம் எதுவும் இல்லை. மனம் உழைக்கின்றதா என்பதே கேள்வி.

கரும்பலகையைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துவிட்டு, "குறிப்பெடுத்தாயிற்று" என்று இருப்போரும் உளர். அது சமைக்காத அரிசி, பசி தீர்க்காது.

கோர்ணெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் போக் கற்பித்த முறை எளியது. தாளின் இடப்புறத்தில் ஒடுங்கிய பகுதி ஒன்றை விட்டு, வலப்புறத்தில் குறிப்பெழுதுக. பாடம் முடிந்தபின் இடப்புறத்தில் வினாக்களையும், அடியிற் சுருக்கத்தையும் எழுதுக. பின்னர் வலப்புறத்தை மறைத்து, வினாக்களுக்கு வாய்விட்டு விடை கூறுக. மறந்தது எதுவென்று அப்பொழுதே தெரிந்துவிடும்.

நம் நாட்டுக் க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளில் மாணவர் கட்டுரை விடைகளைக் கையாலேயே எழுதுகின்றனர். மணிக்கணக்கில் எழுதக் கை பழகியிருத்தல் வேண்டும். கணிதச் சமன்பாடுகளையும் விஞ்ஞானப் படங்களையும் விரைந்து வரையக் கொப்பியே வசதி. கையால் எழுத இடர்ப்படும் பிள்ளைக்கோ கணினி பெருந்துணை. நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதும் பல்கலைக்கழக மாணவர்க்கும் அது வேண்டியதே.

ஆதலின், பள்ளி மாணவர் வகுப்பிற் கொப்பியில் எழுதுக. அன்று மாலையே அதனை மூடிவைத்து நினைவுகூர்க. சேமித்து ஒழுங்குபடுத்தக் கணினி கிடைத்தால் அதனையும் பயன்படுத்துக. கருவி வாங்க இயலாத பெற்றோர், தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று கலங்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், ஒரு பேனையும், நாள்தோறும் அரைமணி நேர மீட்டலும் இருந்தாற் கல்விக்கு அது நல்ல முதலாகும்.