திம்பம் இறக்கத்தில் பேருந்து ஏன் உறுமுகிறது?

சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் வரும் பேருந்து திம்பத்தைத் தாண்டியதும் உறுமத் தொடங்கும். முன்னே 27 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர் தாழ்ந்த கியரிலேயே இறங்குவார். பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் என்ன?

வெப்பம்தான் சிக்கல். ஆட்களோடு 12 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அத்தனையும் பிரேக்கில் இறங்கினால் டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்பு தளரும். மிதித்தாலும் வண்டி நிற்காது. தாழ்ந்த கியரிலோ சக்கரங்கள் எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். அந்த இழுபறியில் வேகம் அடங்குகிறது. உறுமல் அதன் ஓசைதான்.

சரி, பேருந்தின் பிரேக்கை இயக்குவது காற்றழுத்தம். பிரேக் குழாயில் அந்தக் காற்றே கசிந்துபோனால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இருக்கிறது. பின்சக்கர பிரேக்கில் வலுவான சுருள்வில் ஒன்றைக் காற்றழுத்தம் அமுக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் விழுந்தால் வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். கோளாறு வந்தால் வண்டி ஓடக்கூடாது, நிற்க வேண்டும் என்ற இதே சிந்தனையில்தான் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் ரயில்களுக்குத் தானியங்கி காற்று பிரேக்கை உருவாக்கினார்.

ஆனால் அந்த வில்லும் பிடிப்பது அதே டிரம்மைத்தான். அது கொதித்துப்போயிருந்தால் வில்லாலும் பெரிய பயனில்லை. ஆகவே கியரை இறக்கம் தொடங்குமுன்பே குறைத்தாக வேண்டும். வேகமெடுத்தபின் முயன்றால் கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிடலாம்.