பாட்டில்லாத படம் தந்த வீணைக்காரர்!

படத்தை இயக்கியவர் இசைவாணர். படத்திலோ மருந்துக்குக்கூடப் பாட்டு இல்லை! ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. இப்படி ஒரு படம் தமிழ்நாட்டில் வந்தது என்று சொன்னால், வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டி வரும் நண்பர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் வந்தது! 1954 ஏப்ரல் 13-ல், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் வந்தது. படத்தின் பெயர் 'அந்த நாள்'. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் நாடு 'வீணை பாலசந்தர்' என்று அழைத்தவர்.

"மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பிள்ளை, வீணை வாசித்தவர். அவர் கதை டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கும் தொழிலாளிக்கு எதற்கு?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். பிறந்த வீட்டைப் பார்த்து அவரைப் பற்றி எழுத வரவில்லை நாம். ஒரு மனிதன் தன் கைத்திறனைத் தன் விருப்பப்படி பயன்படுத்த என்ன விலை கொடுக்கவேண்டியிருந்தது? அந்தக் கணக்கைப் பார்க்கவே எழுதுகிறோம். அந்தக் கணக்கு தொழிலாளிக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

1927 ஜனவரி 18-ல் பிறந்தவர் பாலசந்தர். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் தந்தையும் அண்ணன் ராஜமும் தமக்கை ஜெயலட்சுமியும் நடித்தார்கள். பாலகன் பாலசந்தருக்கும் ஒரு வேடம் கிடைத்தது. இராவணன் சபையிலே கஞ்சிரா வாசிப்பவன்! வீணைமேதை என்று பேரெடுத்தவர் சிறுவயதில் தட்டியது தோல் போர்த்திய கருவியைத்தான். தோலைப் பக்குவப்படுத்தத் தெரிந்தவன் இல்லாவிட்டால் கஞ்சிராவும் இல்லை, மிருதங்கமும் இல்லை என்பதை நம் பகுதித் தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கச்சேரி மேடைதான் அதை அடிக்கடி மறந்துவிடுகிறது.

வீணையை எந்தக் குருவின் காலடியிலும் உட்கார்ந்து அவர் கற்கவில்லை. தாமே பழகினார், தாமே தேர்ந்தார். படக்கலையும் அப்படித்தான். நடித்தார், இசையமைத்தார், இயக்கினார். 1948-ல் 'இது நிஜமா', 1951-ல் 'கைதி', பிறகு ஏ.வி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்'.

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தொழில் செய்வோருக்கு ஒரு வேற்றுமை தெரியும். சொந்தத் தோலைப் பதனிடுவது வேறு. பிறர் தோலை வாங்கி ஜாப் ஒர்க் செய்து கொடுப்பது வேறு. பின்னதில் கூலி உறுதி, ஆனால் தோல் நமதல்ல. பெரிய ஸ்டூடியோவுக்குப் படம் இயக்குவதும் ஜாப் ஒர்க்தான். 'அந்த நாள்' படத்துக்குப் பாலசந்தர் முதலில் கதாநாயகனாகத் தேர்ந்தது, கல்கத்தாவில் கல்லூரி ஆசிரியராக இருந்த என். விசுவநாதனை. அவரை வைத்து எடுத்த காட்சிகள் படமுதலாளி மெய்யப்பச் செட்டியாருக்கு நிறைவளிக்கவில்லை. எடுத்தது கழிக்கப்பட்டது, சிவாஜி கணேசனை வைத்துப் படம் மறுபடி எடுக்கப்பட்டது. நியாயமாகச் சொல்வோம்: அந்த மாற்றம் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ரேடியோ பொறியாளனாகச் சிவாஜி நடித்ததையும், கணவனைவிட நாடு பெரிதென எண்ணும் மனைவியாகப் பண்டரிபாய் நடித்ததையும் இன்றும் பேசுகிறார்கள். ஆயினும் முடிவு எவர் கையில் இருந்தது? அதைத்தான் கேட்கிறோம்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தைப் பார்த்து, ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் பாலசந்தர். 1943-ல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளைக் கதைக்களம் ஆக்கினார். ஜாவர் சீதாராமன் எழுதினார். மாருதிராவ் ஒளிப்பதிவு செய்தார். மக்கள் என்ன செய்தார்கள்? "பாட்டு எங்கே?" என்றார்கள்! முதல் ஓட்டத்தில் படம் வசூலில் தோற்றது. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகே பலர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியைக் குறை சொல்வது எளிது. புதுமையைக் கேட்டுவிட்டு, அது வந்து நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரசிகனை யார் குறை சொல்வது?

1958-ல் 'அவன் அமரன்' வந்தது. கே.ஆர். ராமசாமி நடிக்க, தொழிலாளர் வாழ்வையும் போராட்டத்தையும் பற்றிப் பேசிய படம். அதன் பின் பாலசந்தர் துணிந்தார். இனிச் சொந்தத் தோல்! எஸ்.பி. கிரியேஷன்ஸ் என்ற பெயரில் தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே இசையமைத்து, 1962-ல் 'அவனா இவன்', 1964-ல் 'பொம்மை' என்று தந்தார். நடக்கும் பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்த கதை 'பொம்மை'. ஜேசுதாஸ் குரல் தமிழ்த் திரையில் முதன்முதல் ஒலித்ததும் அதில்தான்.

அந்தப் படத்தின் முடிவில் பாலசந்தர் ஒரு காரியம் செய்தார். திரைக்குப் பின்னால் உழைத்தவர்களைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து, இன்னார் இன்னது செய்தார் என்று மக்களுக்கு அறிமுகப்படுத்தினார்! நாயகன் முகத்தை மட்டும் சுவரெல்லாம் ஒட்டிய காலத்தில் செய்த காரியம் இது. ஒரு ஜோடி ஷூ கடைக்குப் போகிறது. மேலே முத்திரை இருக்கிறது. தோலை ஊறவைத்தவன் பெயர் உண்டா? தைத்தவள் பெயர் உண்டா? உழைத்தவர் பெயரைச் சொல்லவேண்டும் என்று ஒரு வீணைக்காரருக்குத் தோன்றியதே, அதற்காகவே அவரை நம்மவர் என்கிறோம்.

ஆனால் அடுத்த படத்தில் சுவர் வந்து முட்டியது. 'நடு இரவில்' எடுத்து முடித்த பிறகும் வாங்குவாரின்றிப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது, 1970-ல்தான் வெளிவந்தது. தோலை எவ்வளவு நன்றாகப் பதனிட்டாலென்ன? மண்டியில் எடுப்பார் இல்லையென்றால் சரக்கு தேங்கும், கடன் ஏறும். சொந்தத் தோல் என்றால் சொந்த நட்டமும் உண்டு! பாலசந்தர் படத்துறையை விட்டார், வீணையோடு நின்றார்.

நின்றவர் சும்மா இருக்கவில்லை. 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டாக்கினார், கடல்கடந்தும் வாசித்தார். 1982-ல் பத்மபூஷண் பெற்றார். சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் பாடல்கள் உண்மையில் அவருடையவைதாமா என்று கேட்டுச் சங்கீத உலகத்தோடு தனியாளாக மல்லுக்கு நின்றார். அவர் சொன்னது சரியா தவறா என்பதைப் புலவர்கள் ஆராயட்டும். அஞ்சாமல் கேட்டார் என்பது மெய். 1990 ஏப்ரல் 13-ல், வாசிக்கப் போன பிலாய் எஃகு நகரில் மறைந்தார். 'அந்த நாள்' திரைக்கு வந்ததும் ஏப்ரல் 13-ல்தான்!

இவரோடு இன்னொரு இசைவாணரையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். அவர் எம்.பி. சீனிவாசன். வங்கத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் இயக்க, நண்பர்கள் பலர் கைகோத்து 1960-ல் 'பாதை தெரியுது பார்' எடுத்தபோது அதற்கு இசையமைத்தவர். அந்தப் படமும் பணம் குவிக்கவில்லை. ஆனால் சீனிவாசன் திரை இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கண்டார். நிமாய் கோஷ் படத் தொழிலாளர் சம்மேளனத்துக்குத் தோள் கொடுத்தார். படங்கள் தோற்றன, சங்கங்கள் நின்றன! பாலசந்தரின் துணிவு எவருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவர் தனி ஆள். தனி ஆள் களைத்தால் வேலை நின்றுவிடுகிறது; பலர் கூடினால் ஒருவர் களைக்கும்போது மற்றவர் தூக்குகிறார்.

இன்று கையிலுள்ள போனிலேயே படம் பிடிக்கலாம். ஒடுகத்தூரில் பறை அடிக்கத் தெரிந்த பையன் இருக்கிறான். பாட்டுக் கட்டத் தெரிந்த பெண் இருக்கிறாள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு விடியற்காலை பஸ் ஏறும் அக்காமார் கதை ஆயிரம் இருக்கிறது. ஸ்டூடியோ முதலாளியின் கதவை இவர்கள் தட்டவேண்டாம். ஆனால் மண்டி இன்னும் இருக்கிறது. எடுத்ததை யார் பார்ப்பது, யார் காசு கொடுப்பது என்ற பழைய கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

விடை நம் கையில்தான். சங்கக் கட்டடத்தில் மாதம் ஒருநாள் வெள்ளைத் திரை கட்டுவோம். முதலில் 'அந்த நாள்' போடுவோம். பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்ததைப் போடுவோம். தலைக்குப் பத்து ரூபாய் கொடுத்துப் பார்ப்போம், இலவசம் வேண்டாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, உழைத்த ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பெயர் சொல்லிக் கைதட்டுவோம். பாட்டில்லை என்று எழுந்து போகாமல், கடைசிவரை உட்கார்ந்து பார்ப்போம், தோழர்களே!