அல்லாடி நின்ற இரண்டு பக்கமும்

எதிர் வீட்டுப் பையன் பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். கோவில்பதாகையில் எங்கள் தெருவிலிருந்து கறுப்புக் கோட்டு போடப்போகிற முதல் ஆள் அவன்தான். நான் ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா. 34 வருடம் ஆவடியில் பீச் வண்டி பிடித்து, கேஸ் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போய் வந்தவன். அதனால் சந்தேகம் எதுவானாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவான்.

போன வாரம் வந்தவன், “பெரியப்பா, கவர்ன்மென்ட் வக்கீல்னா கவர்ன்மென்ட் என்ன செஞ்சாலும் சரின்னுதானே பேசணும்? அது ஒரு பொழப்பா?” என்று கேட்டான்.

“அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் தெரியுமா?” என்றேன்.

“அரசியலமைப்பு வரைவுக் குழு. ஏழு பேர்ல ஒருத்தர்.” பரீட்சைக்கு ஒப்பிப்பது போலச் சொன்னான். அதற்கு மேல் அவனிடம் சரக்கு இல்லை.

அல்லாடி பிறந்தது 1883-ல், நெல்லூர் ஜில்லாவில் புதூர் என்ற கிராமத்தில். அப்பா ஏகாம்ர சாஸ்திரி கோயில் அர்ச்சகர். பையன் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு சட்டக் கல்லூரியிலும் படித்தார். பின்னாளில் மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு ‘ஏகாம்ர நிவாஸ்’ என்று பெயர்.

1929-ல் அவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். அரசின் தலைமை வழக்கறிஞர் என்று பொருள். இன்றும் அந்தப் பதவி இருக்கிறது. அரசியலமைப்பின் 165-வது பிரிவுப்படி ஆளுநர் நியமிப்பார். உயர் நீதிமன்ற நீதிபதி ஆகும் தகுதி இருக்க வேண்டும். சட்டசபைக்குள் போய்ப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. மத்திய அரசுக்கு அட்டர்னி ஜெனரல் எப்படியோ, மாநிலத்துக்கு இவர் அப்படி. இப்போதெல்லாம் ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரலும் மாறிவிடுவார். என் சர்வீஸில் எத்தனையோ பேர் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அல்லாடி 15 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். அந்தக் காலத்தில் சுப்பராயன் ஆண்டார், நீதிக்கட்சியின் முனுசாமி நாயுடு ஆண்டார், பொப்பிலி ராஜா ஆண்டார். 1937-ல் ராஜாஜியின் காங்கிரஸ் வந்தது. 1939-ல் அது விலகியதும் ஆளுநர் ஆட்சி. கோட்டையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சட்டம் கேட்க மட்டும் இவரிடமே வந்தார்கள். வெள்ளைக்காரன் அவருக்கு ‘சர்’ பட்டமும் கொடுத்தான்.

“அப்ப அவன் ஆளு” என்றான் பையன்.

“அவசரப்படாதே” என்றேன். என் சீனியர் சில வருடம் அரசுத் தரப்பில் இருந்தவர். ஒரு நாள் ஏதோ ஒரு துறையிலிருந்து கோப்பு வந்தது. அவர் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு, “இந்த உத்தரவு கோர்ட்டில் நிற்காது, திரும்பப் பெறுவது நல்லது” என்று கருத்துச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். துறை கேட்கவில்லை. வாய்தா மேல் வாய்தா வாங்கி, கடைசியில் அவர் சொன்ன காரணத்துக்காகவே தோற்றது. கோர்ட்டில் நின்று பேசுவது அரசு வக்கீல் வேலையில் பாதிதான். மீதிப் பாதி மூடிய கதவுக்குள்ளே ‘இது கூடாது’ என்று சொல்வது. அது பேப்பரில் வராது.

1947 ஆகஸ்ட் 29-ல் வரைவுக் குழு அமைந்தபோது அல்லாடிக்கு 64 வயது. அவர் காங்கிரஸ்காரர் இல்லை. சட்ட அறிவுக்காகவே அழைக்கப்பட்டார். வேலை முடிந்ததும் அம்பேத்கர் சபையில் பேசும்போது, தன்னைவிடப் பெரியவர்களும் திறமைசாலிகளும் குழுவில் இருக்கத் தன்னைத் தலைவராக்கியது வியப்பு என்று சொல்லி, அல்லாடி பெயரை எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் எல்லோருக்கும் ஓட்டா என்று பலர் தயங்கிய காலம் அது. சாமானிய மனிதன்மேல் நம்பிக்கை வைத்து வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று பேசியவர்களில் அல்லாடியும் ஒருவர். ‘சர்’ பட்டம் வாங்கியவர்தான் அதையும் பேசினார்.

ஒரே சட்ட மூளை எந்தப் பக்கமும் போகலாம்.

ஆனால் என் கதை இங்கே முடியவில்லை. 1950-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் அப்போது கம்யூனல் ஜி.ஓ. என்ற வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு அரசாணை இருந்தது. கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்ற பெண் மருத்துவப் படிப்புக்காகவும், ஸ்ரீனிவாசன் என்ற இளைஞர் கிண்டி பொறியியல் கல்லூரி இடத்துக்காகவும் வழக்குப் போட்டார்கள். ஸ்ரீனிவாசனுக்காக வாதாட வந்து நின்றவர், அதே மாகாண அரசுக்கு 15 ஆண்டு வாதாடிய அல்லாடி.

1950 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே அரசுக்காக அன்றைய அட்வகேட் ஜெனரல் வி.கே.டி. சாரி. 1951 ஏப்ரலில் அங்கேயும் தோல்வி. சாதியைப் பார்த்து இடம் மறுப்பது 29(2)-வது பிரிவுக்கு விரோதம் என்றார்கள். தமிழ்நாடு கொதித்தது, பெரியார் தெருவில் இறங்கினார். இரண்டே மாதத்தில், 1951 ஜூனில், முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) அப்படித்தான் பிறந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1953 அக்டோபரில், அல்லாடி காலமானார்.

உள்ளே போய் என் பழைய அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து 15(4) இருக்கும் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு தேதி. என் மகளுக்குப் பி.சி. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த நாள். அவளும் கிண்டியில்தான் படித்தாள்.

பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். “அப்ப, அல்லாடி அந்தக் கேஸ்ல ஜெயிச்சிருந்தா அக்கா படிச்சிருக்கவே முடியாதா பெரியப்பா?”

“ஜெயிச்சார்டா” என்றேன். “அவர் ஜெயிச்சதாலதான் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது.”