லயத்துக் கதவில் ஒட்டிய சம்மன்

கோலசிலாங்கூர் வட்டாரத்திலே, 1917-ஆம் ஆண்டில் ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டு ஒரு பெருந்தொழிலுக்கு வித்திட்ட காலந்தொட்டு, பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் முதலிய இடங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நம்மவர்க்கு, வீடு என்பது வேலையோடு வந்து வேலையோடு போவதாகவே இருந்திருக்கிறது. நிலப்பட்டா கம்பெனியின் பெயரில் இருக்கும். தொழிலாளியின் தகரப்பெட்டியிலோ பழைய சம்பளச் சீட்டுகள்தாம் இருக்கும். தோட்டம் கைமாறி, நிலம் வீடமைப்புக்கென்று விலைபோன பின், லயத்துக் கதவில் சம்மன் ஒட்டப்படுகிறது.

நியாயஸ்தலம் என்றவுடன் சாட்சிகள் கூண்டேறுவதும், வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்வதும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89-ஆவது ஆணைப்படி வரும் இந்தச் சம்மனுக்குச் சாதாரணமாக அவையொன்றும் கிடையா. நிலம் தன்னுடையது, அனுமதியின்றிச் சிலர் அதில் நுழைந்தோ தொடர்ந்து தங்கியோ இருக்கிறார்கள், அவர்களுள் பெயர் தெரியாதவர்களும் உண்டு என்று உரிமையாளர் சத்தியப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், அதையும் எதிர்த்தரப்பின் பத்திரத்தையும் படித்தே நியாயாதிபதி தீர்ப்புரைத்துவிடலாம்.

சுருக்க முறையே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. கையெழுத்திட்டுக் கடன் வாங்கியவர் வீணே வழக்கை இழுத்தடிக்க, கொடுத்தவர் ஆண்டுக்கணக்கில் அலையக்கூடாது என்பதற்காக 1855-இல் இங்கிலாந்தில் உண்டியல் வழக்குகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. இன்று கடன் வழக்குகளில் பயன்படும் நமது 14-ஆவது ஆணை அதன் வழிவந்தது. விசாரிக்கத்தக்க பிரச்சினை ஒன்றேனும் உண்டா என்பதே இங்கெல்லாம் கேள்வி. பிரதிவாதி மறுத்துவிட்டார் என்பதற்காகவே பிரச்சினை உண்டாகிவிடாது. அவர் கூற்று தெளிவற்றதாகவோ, மறுக்கப்படாத அக்காலத்துப் பத்திரங்களுக்கு முரணாகவோ, நம்புதற்கரியதாகவோ இருந்தால் அதைத் தள்ளிவிடலாம் என்று 1992-இல் பேங்க் நெகாரா சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

தோட்டத்து மக்கள் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இடத்தில்தான். "நாற்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறோம்" என்பதையே அவர்கள் தங்கள் பலமாக எண்ணுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு எதிரிடையாக அனுபவித்தால் நிலத்தில் பாத்தியதை உண்டாகும் என்பது இந்தியாவிலிருந்து வந்த பேச்சு. மலேசிய தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவோ, எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் பட்டாதாரரின் உரிமை அழியாது என்று சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆகவே கேட்க வேண்டியது, எத்தனை ஆண்டு இருந்தோம் என்பதன்று, யார் இருக்கச் சொன்னார்கள் என்பதே. சிலாங்கூர் நில, சுரங்க இயக்குநர் ஒரு தரப்பாக இருந்த 1991-ஆம் ஆண்டு வழக்கில், எவ்வித உரிமையுமின்றிப் புகுந்த வெறும் புறம்போக்குவாசியையும், அனுமதியின்பேரில் குடியிருந்தவரையும் உச்ச நீதிமன்றம் வேறுபடுத்திக் காட்டியது. வேலை முடிந்ததும் அனுமதியும் முடிந்தது என்று கம்பெனி சொல்லும்; வேலை ஓய்ந்த பின்னும் இருந்துகொள்ளும்படி மேனேஜர் சொன்னாரா, மாற்று வீடு தருவதாக வாக்களித்தாரா, வாடகை பிடித்தாரா என்பவையே முழு விசாரணைக்குக் கதவைத் திறக்கக்கூடியவை.

அந்த வாக்குகளோ பெரும்பாலும் பிரட்டுக் களத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை. சொன்னவர் யார், எந்த வருஷம், எவர் முன்னிலையில் என்பதைக் குறிப்பாக எழுதி, ஓய்வுக்குப் பிந்திய மின்சார பில், வாடகை ரசீது, கிராணியின் கடிதம் என்று கிடைத்ததையெல்லாம் இணைத்தாலன்றி, கூண்டேறிச் சொல்ல வேண்டிய உண்மை கூண்டுவரை வந்தே சேராது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பத்திரம் தாக்கல் செய்யலாம். அது அவருக்குப் படித்துக்காட்டப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டார் என்று பிரமாணம் செய்விக்கும் ஆணையர் அதன் அடியில் சான்றளிக்க வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி, அந்த ஆணையரின் மேசையில் ஒவ்வொரு வரியையும் தமிழில் கேட்டறிந்த பின்பே கைநாட்டு வைக்க வேண்டும்.