வகுத்தலும் கண்டடைதலும்

நூலகத்தில் நூல் இருந்தும், தேடுவார் கைக்கு எட்டாவிடின் அஃது இல்லாததற்கு ஒப்பாகும். இணையக் கடைச் சரக்கின் நிலையும் இதுவே.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1933ஆம் ஆண்டில் 'கோலன் பகுப்பு முறை'யை வெளியிட்டார். நூலின் பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல், அதன் பல கூறுகளைத் தனித்தனியே குறித்து இணைப்பது அம்முறை. இணையக் கடையின் வடிகட்டிகளும் இந்நெறியை ஒத்தனவே. சேலை வேண்டுவார் இழை, நிறம், விலை ஆகிய மூன்றையும் தெரிந்து, ஆயிரத்தினின்று பத்தினை எளிதில் அடைவர்.

எனினும் ஓர் இடர் உண்டு. இழை 6, நிறம் 10, விலைப்படி 5 எனின், மூன்றும் கூடிய சேர்க்கைகள் 300 ஆகும். ஒவ்வொன்றும் தனிப்பக்கமானால், ஒன்றையொன்று ஒத்த பக்கங்களும் சரக்கில்லா வெறும் பக்கங்களும் பெருகும். எதனைக் காட்டுவதெனக் கூகுள் போன்ற தேடுபொறி தடுமாறும். நல்ல பக்கமும் பின்தங்கும்.

ஆதலின், 'பருத்திச் சேலை', 'சிவப்புப் பட்டுச் சேலை' என மக்கள் உண்மையில் தேடும் சேர்க்கைகளுக்கே பெயரும் விளக்கமும் உடைய நிலையான பக்கம் அமைத்தல் வேண்டும். ஏனையவை வாங்குவார்க்குப் பயன்படட்டும். தேடுபொறியின் பட்டியலில் அவை சேர வேண்டுவதில்லை. வகைப்பெயரும் வணிகரின் குறியீடாக இன்றி, வாங்குவார் வாயில் வழங்கும் சொல்லாகவே இருத்தல் வேண்டும்.